ஆந்தியும் பலூனும்: தில்லிச் சமவெளியில் காற்றை நம்பிய பறப்பின் வரலாறு

வெப்பக்காற்றுப் பலூனுக்குச் சுக்கானும் இல்லை, உந்துவிசை தரும் பொறியும் இல்லை. துணியுறைக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கினால் அது வெளிக்காற்றைவிட இலேசாகி மேலே எழுகிறது, ஆறவிட்டால் இறங்குகிறது. ஓட்டுபவரின் கைக்குள் இருப்பது இந்த ஏற்றமும் இறக்கமும் மட்டுமே. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போவது என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. ஆனால் காற்று தரையிலிருந்து வானம் வரை ஒரே வேகத்தில் ஒரே திசையில் வீசுவதில்லை. நூறு மீட்டர் உயரத்தில் ஒரு திசையிலும் முந்நூறு மீட்டரில் வேறொரு திசையிலும் வீசக்கூடும் என்பதால், தனக்கு வேண்டிய திசையில் ஓடும் அடுக்கைத் தேடி ஏறுவதும் இறங்குவதுமே பலூனோட்டியின் கலையாக வளர்ந்தது. அந்த அடுக்குகள் எதிர்பாராமல் இடம் மாறும்போதும், தரைக்காற்று சில நிமிடங்களில் பல மடங்கு வலுக்கும்போதும் அந்தக் கலை உதவாமல் போகிறது. தில்லியும் அதைச் சூழ்ந்த வட இந்தியச் சமவெளியும் இத்தகைய திடீர் மாற்றங்களுக்குப் பேர்போனவை. இங்கே பலூன் பறந்த வரலாற்றைப் பறந்தவர்களின் துணிச்சலைக் கொண்டு மட்டும் எழுதிவிட முடியாது. அவர்கள் பறக்கத் தேர்ந்த நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வானில் நேர்ந்த முதல் உயிரிழப்பிலேயே காற்று திசைமாறியதன் பங்கு பதிவாகியிருக்கிறது. 1783 நவம்பர் 21 அன்று பாரிஸில் மான்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் ஏறி, கட்டற்றுப் பறந்த முதல் மனிதர்களுள் ஒருவரான பிலாத்ர் த ரோஸியே, 1785 ஜூன் 15 அன்று பிரான்ஸின் புலோன் நகரிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டார். சிறிது தொலைவு சென்றதும் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பிப் பலூனை மீண்டும் கரைப்பக்கமே தள்ளியது; அதன்பின் பலூன் சிதைந்து விழுந்ததில் அவரும் அவருடன் சென்ற ரொமேனும் இறந்தனர். அந்தப் பலூன் ஹைட்ரஜனையும் சுடுகாற்றையும் ஒருங்கே பயன்படுத்திய ஆபத்தான அமைப்பு என்பது உண்மை. எனினும் அவர்களின் பயணத்தைக் குலைத்தது திசைமாறிய காற்றுதான்.

இந்தியாவில் பலூன் கட்டணக் காட்சியாகப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். ஆங்கிலேயரான பெர்சிவல் ஸ்பென்சர் 1889இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பலூனில் ஏறி, உயரத்திலிருந்து பாரசூட்டில் குதித்துக் காட்டினார். அந்த ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தாக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து அவர் ஏறியபோது காற்று பலூனைக் கிழக்கே கொண்டுபோய்விட்டது. சுந்தரவனத்தை ஒட்டிய பகுதியில் இறங்கிய அவரைப் பற்றி மூன்று நாட்கள் நகருக்குச் செய்தி எட்டாததால் அவர் இறந்துவிட்டார் என்றே பலரும் நம்பினர். அவரிடம் இக்கலையைக் கற்ற வங்காள உடற்பயிற்சி வீரர் ராம்சந்திர சட்டர்ஜி அதே ஆண்டு மே மாதம் தனியாகப் பலூனில் ஏறிய முதல் இந்தியரானார். 1890இல் பலூனிலிருந்து பாரசூட்டில் குதித்த முதல் இந்தியரும் அவரே. அதன்பின் வட இந்திய நகரங்கள் பலவற்றில் காட்சி நடத்திய சட்டர்ஜி, 1892இல் இறங்கும்போது பட்ட காயங்களால் இறந்தார். வானில் ஏறுவது வெள்ளையருக்கே உரிய வித்தை என்று எண்ணியிருந்த காலத்தில் அந்த எண்ணத்தை உடைத்த மனிதர் இன்று அதிகம் நினைக்கப்படாதது பெருங்குறை.

இதே 1892 மார்ச்சில் டாக்காவில் நடந்த விபத்து, காற்றின் பங்கை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. டாக்கா நவாப் அசனுல்லாவின் அழைப்பில் வந்த அமெரிக்கப் பாரசூட் வீராங்கனை ஜானெட் வான் டாசல், புரிகங்கை ஆற்றின் தென்கரையிலிருந்து புகைப்பலூனில் ஏறி, வடகரையில் உள்ள நவாபின் அசன் மன்சில் மாளிகைக் கூரையில் பாரசூட்டில் இறங்குவது என்று திட்டம். புகைப்பலூன் என்பது தரையில் தீ மூட்டி உறையைச் சூடான புகையால் நிரப்பி விட்டுவிடும் வகை. மேலே சென்றபின் சூடேற்றிக்கொள்ளக் கருவி எதுவும் அதில் இல்லை என்பதால் ஏறுபவர் பாரசூட்டையே நம்பியிருக்க வேண்டும். மாலையில் பெருங்கூட்டத்தின் முன்னே அவர் ஏறினார். ஆற்றைத் தாண்டியதும் காற்று அவரை மாளிகைக்கு மேலாக நகரின் வடபுறம் கொண்டுசென்று, ஷாபாக் பகுதியில் நவாபின் தோட்டத்து மரமொன்றில் மாட்டவைத்தது. மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி அவரை இறக்க முயன்றபோது கட்டு அவிழ்ந்து கீழே விழுந்தார். பட்ட காயங்களால் சில நாட்களில் இறந்தார். டாக்காவின் நாரிந்தாக் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்கள், மாலை நேரம், முன்கூட்டியே அறிவித்துக் கூட்டம் சேர்த்த காட்சி ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய இடத்தில் ஆபத்து மிகுதி என்பது அன்றைய காட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்தும், சீட்டு வாங்கிக் காத்திருக்கும் கூட்டத்தின் முன் அவர்களால் காற்றுக்காகக் காத்திருக்க முடியவில்லை. காற்று இரைந்தால் காட்சியைத் தள்ளிவைக்கலாம் என்ற உரிமை பலூனோட்டிக்கு இல்லாத நிலையே, எந்தத் துணிக்கிழிசலையும்விடப் பெரிய விபத்துக் காரணம்.

சமவெளியின் காற்றுக்கு ஒரு நாளின் ஒழுங்கு உண்டு. மேகமற்ற இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தேங்குகிறது. அதற்கு மேலுள்ள காற்று ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பாக இருக்கிறது. உயரே போகப் போகக் குளிர வேண்டிய காற்று இவ்வாறு மாறி அமைவதை வானிலையாளர் வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு என்பர். தில்லியின் குளிர்காலப் புகையையும் மூடுபனியையும் தரையோடு அமுக்கி வைப்பதும் இதுவே. இந்த அடுக்கு மூடிபோல அமைந்து தரையை அமைதியாக வைத்திருக்க, அதற்குச் சற்று மேலேயே காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம். சூரியன் எழுந்து தரை சூடேறியதும் மூடி உடைகிறது, மேல்காற்றின் வேகம் கீழே இறங்கிக் கலக்கிறது, அதனால் விடியலில் இலை அசையாத திடலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடிகள் படபடக்கத் தொடங்குகின்றன. நண்பகலில் சூடான காற்றுத் தூண்கள் எழுகின்றன. கோடையில் அவற்றுள் சில, வட இந்தியர் பகூலா என்று அழைக்கும் தூசுச் சுழல்களாகத் தரையில் ஓடுகின்றன. பிற்பகலிலும் மாலையிலும் இடிமேகம் திரளும் நாளில் வருவது ஆந்தி.

ஆந்தி என்பது வெறும் புழுதிக்காற்று அன்று. இராஜஸ்தான் பக்கமிருந்து வெயிலில் நாள் முழுதும் வீசும் லூ என்ற அனல்காற்றும் புழுதி கிளப்பும். ஆனால் அது மெல்ல வலுத்து மெல்லத் தணிவது. ஆந்தியின் பிறப்பிடம் இடிமேகம். மேகத்திலிருந்து விழும் மழை, கீழே உள்ள வறண்ட காற்றில் தரையைத் தொடுமுன்னே ஆவியாகிவிட, அந்த ஆவியாதலால் குளிர்ந்து கனத்த காற்று செங்குத்தாகச் சரிந்து தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. பாயும் அந்தக் குளிர்காற்றின் முகப்பு, மேகத்துக்குப் பல கிலோமீட்டர் முன்னதாகவே ஓடிவரக்கூடியது. எனவே தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்போதே அடிவானத்தில் பழுப்புச் சுவர் ஒன்று எழுந்து, சில நிமிடங்களில் காற்றின் திசை முற்றிலும் திரும்பி, வேகம் மணிக்கு அறுபது, எண்பது, சில வேளைகளில் நூறு கிலோமீட்டருக்கும் மேலாகிவிடும். வெப்பநிலை பத்துப் பாகை, அதற்கு மேலும் சரியும். தரையில் நிற்பவருக்கு ஆந்தி கோடை வெக்கைக்கு நடுவே வரும் ஆறுதல். பலூனில் நிற்பவருக்கோ அதைவிடக் கொடிய வானிலை சமவெளியில் வேறில்லை.

இக்காற்றைப் பற்றிய முறையான ஆராய்ச்சி பலூனோட்டிகளிடமிருந்து வரவில்லை. 1847 முதல் லாகூரில் தூசுச் சுழல்களையும் புழுதிப்புயல்களையும் கூர்ந்து கவனித்த வங்காளப் படையின் மருத்துவர் பேடலி, 1860இல் அவற்றைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது; பருவமழையை முன்னறிய வேண்டிய நெருக்கடியால் மேல்காற்றை அளக்கும் தேவையும் எழுந்தது. முதலில் பட்டங்களில் கருவிகளைக் கட்டி ஏற்றினார்கள். பின்னர் ஜே. எச். ஃபீல்டின் முயற்சியால் ஆக்ராவில் அமைந்த மேல்காற்று ஆய்வகம், ஆள் இல்லாத சிறு பலூன்களை நாள்தோறும் வானில் விட்டுக் காற்றை அளக்கும் நாட்டின் முதன்மை நிலையமாயிற்று. முறை எளிமையானது: ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர்ப் பலூன் ஏறத்தாழ ஒரே வேகத்தில் எழும் என்று கொண்டு, தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் தொலைநோக்கியால் அதைப் பின்தொடர்ந்து, நிமிடத்துக்கு ஒரு முறை திசைக்கோணத்தையும் உயரக்கோணத்தையும் குறித்தால், ஒவ்வொரு உயரத்திலும் காற்று எப்பக்கம் எவ்வளவு வேகத்தில் அதை இழுத்தது என்று கணக்கிட்டுவிடலாம். இரவில் பலூனின் அடியில் சிறு காகித விளக்கைக் கட்டி அந்த ஒளிப்புள்ளியைப் பின்தொடர்ந்தார்கள். ஆக்ரா ஆய்வகத்தில் ஜி. சட்டர்ஜி, வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை வானொலிவழி கீழே அனுப்பும் ரேடியோசோண்ட் கருவியை இந்தியாவிலேயே வடிவமைக்க உழைத்தார். பறப்பின் வரலாற்றில் சாகசக்காரர்களின் பெயர்களோடு இந்த ஆய்வக ஊழியர்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும். ஆளேறும் பலூனுக்கு இந்தியாவில் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு, ஆளில்லாப் பலூன்கள் சேர்த்த கணக்குதான்.

வானிலைத் துறையின் தலைமையகம் 1944இல் புது தில்லிக்கு வந்தது. இன்று மௌசம் பவன் என்ற பெயரில் லோதி சாலையில் நிற்கும் அதன் அலுவலகமும் சஃப்தர்ஜங் விமான நிலையமும் அருகருகே உள்ளவை. உலகெங்கும் ஒரே நேரத்தில் நடக்கும் மேல்காற்று அளவீட்டுக்கான இரண்டு வேளைகள் இந்திய நேரத்தில் காலை 5.30, மாலை 5.30 என்று அமைகின்றன. தில்லியின் கணக்கும் இவ்வேளைகளிலேயே எடுக்கப்படுகிறது. விடியற்கால அளவீடு, பலூனில் ஏற எண்ணுபவருக்கு அன்றைய அடுக்குகளின் படத்தை ஏறுமுன்பே விரித்துக் காட்டிவிடுகிறது என்பது தற்செயலாகக் கிட்டிய பெரும் வசதி. தில்லி விமான நிலையப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு பி. வி. ஜோசப், டி. கே. ராய்பால், எஸ். என். டெக்கா ஆகியோர் 1980இல் துறையின் மௌசம் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஆந்தி இடிமேகத்தின் சரிகாற்றால் பிறப்பது என்பதை அளவுகளோடு விளக்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1978 மார்ச் 17 மாலையில், வட தில்லியில் பல்கலைக்கழகப் பகுதி வழியாகப் பாய்ந்த சுழற்புயல் ஒன்று 28 பேரைக் கொன்றிருந்தது. 2022 மே 30 அன்று பிற்பகலில் வீசிய புயற்காற்றில் ஜும்மா மசூதியின் நடுக் குவிமாட உச்சிக்கலசம் முறிந்து விழுந்தது. இரண்டும் நாளின் பிற்பாதியில் வந்தவை.

அமெரிக்கரான எட் யோஸ்ட் 1960 அக்டோபர் 22 அன்று நெப்ராஸ்காவில் பறந்து காட்டிய புதுவகைப் பலூன், இக்கலையின் இயல்பையே மாற்றியது. செயற்கை இழைத்துணி உறையும், கூடையிலேயே கொண்டுசெல்லும் புரோப்பேன் வாயு எரிகலனும் சேர்ந்ததால், ஓட்டுபவர் வானில் இருந்தபடியே சூடேற்றவும், வேண்டிய உயரத்தில் நிற்கவும் முடிந்தது. அந்த அலையில்தான் 1970இல் இந்திய பலூன் சங்கம் சஃப்தர்ஜங் விமான நிலையத்தைத் தளமாகக் கொண்டு தோன்றியது. இக்காலத்துப் பலூனோட்டிகள் உலகெங்கும் பின்பற்றும் ஒழுங்கு, பழைய காட்சிக்காரர்களின் வழக்கத்துக்கு நேர்மாறானது: விடிந்ததும் ஏறி, மூடி உடையுமுன் இறங்கிவிடுவது, தரைக்காற்று மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டரைத் தாண்டினால் உறையை விரிக்காமலே திரும்புவது.

புரோப்பேன் எரிகலனாலும் காற்றின் திடீர் மாற்றத்தை வென்றுவிட முடியவில்லை என்பதற்குக் காரணம் பலூனின் எடையில் இருக்கிறது. மூன்று நான்கு பேரைச் சுமக்கும் உறைக்குள் இரண்டாயிரம் கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்று அடங்கியிருக்கிறது. துணி, கூடை, ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தக் காற்றின் எடையே அதிகம். அத்தனை பெரிய பொருளின் ஏற்ற இறக்கத்தை மாற்ற எரிகலனைத் திறந்தபின் பல வினாடிகள் ஆகின்றன. வேகம் குறைந்த அடுக்கிலிருந்து வேகமான அடுக்குக்குள் உறையின் உச்சி நுழையும்போது காற்று அதை ஒருபுறமாக அழுத்தி நெளிக்கிறது, சூடான காற்றில் ஒரு பகுதி அடிவாய் வழியாக வெளியேறிவிட, பலூன் திடீரெனச் சரிகிறது. இதைவிட வஞ்சகமானது புறப்படும்போது நேரும் பொய்த் தூக்கல். கட்டி நிறுத்திய பலூனின் வளைந்த உச்சியைக் காற்று உரசிச் செல்லும்போது, விமான இறக்கையில் போலவே மேல்நோக்கிய இழுப்பு உண்டாகிறது. கயிற்றை அவிழ்த்ததும் பலூன் துள்ளி எழுகிறது. ஆனால் சில வினாடிகளில் அது காற்றோடு சேர்ந்து ஓடத் தொடங்கியதும் அந்த இழுப்பு மறைந்துவிட, போதிய சூடு இல்லாத பலூன் திடலின் விளிம்பில் உள்ள மரத்தையோ மின்கம்பியையோ நோக்கித் தாழ்கிறது. இறங்கும்போது காற்று வலுத்திருந்தால் கூடை கவிழ்ந்து வயலில் நெடுந்தொலைவு இழுபடும். இவை அனைத்திலும் உயிர்களை அதிகம் பறிப்பது மின்கம்பி. தில்லியைச் சூழ்ந்த பகுதிகளில் அந்த வலை ஆண்டுக்காண்டு நெருக்கமாகிவந்திருக்கிறது.

தில்லிக்கு மேலே மிக உயரத்தில் வேறொரு காற்றும் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வட இந்தியாவைக் கடக்கும் விரைகாற்று ஓடை, உலகைச் சுற்ற முயன்ற பலூன்களுக்கு இராஜபாட்டையாகத் தோன்றியது. அட்லாண்டிக்கை 1978இல் முதன்முதலாகப் பலூனில் கடந்த மூவருள் ஒருவரான மேக்ஸ் ஆண்டர்சன், டான் ஐடாவுடன் ஜூல்ஸ் வெர்ன் என்ற ஹீலியம் பலூனில் 1981 ஜனவரி 11 அன்று எகிப்தின் லக்சரிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் கடந்து, தில்லியை ஒட்டிய ஹரியானாக் கிராமப்புறத்தில் இறங்கினார். இருவரும் 1983 ஜூனில் மேற்கு ஜெர்மனியில், கிழக்கு ஜெர்மன் எல்லையை நோக்கிக் காற்று தள்ளிக்கொண்டிருந்தபோது அவசரமாகத் தரையிறங்க முயன்று இறந்தனர். 1997 ஜனவரியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலிருந்து தனியாகப் புறப்பட்ட ஸ்டீவ் ஃபாசெட், ஒரு வாரத்தில் உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் வந்திறங்கினார். மேல்வானில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடிய பலூன், தரையில் நின்றுவிட வேண்டிய கடைசிச் சில நிமிடங்களே இத்தகைய பயணங்களில் மிகக் கடினமானவை. குளிர்காலக் காலையின் அமைதியான தரைக்காற்று அந்த வகையில் வட இந்தியச் சமவெளி தரும் கொடை.

சஃப்தர்ஜங்கின் பறப்புக் காலம் நீடிக்கவில்லை. பிரதமர் இல்லமும் மத்திய அரசு அலுவலகங்களும் அருகிலிருக்க, 2000களின் தொடக்கத்தில் பாதுகாப்புக் காரணங்களால் அங்கே சிறுவிமானப் பறப்பு நின்றுபோயிற்று. எங்கே போய் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஊர்தியைத் தலைநகரின் வான்வெளி ஏற்றுக்கொள்வது அரிது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பலூன் விழாவில் ஏறிய பலூன் 2025 ஜனவரியில் காற்றோடு போய்க் கேரளத்தின் பாலக்காடு மாவட்ட வயலில் பத்திரமாக இறங்கியபோது அது ஊரார் கூடி மகிழ்ந்த நிகழ்ச்சியாயிற்று. தில்லியில் அதுவே பாதுகாப்பு விசாரணையாக முடியும். ஆகவே தலைநகரில் பலூன் திரும்பி வந்தபோது கயிற்றில் கட்டுண்டே வந்தது. 2025 நவம்பரில் தில்லி வளர்ச்சி ஆணையம் யமுனைக் கரையில் உள்ள பான்சேராப் பூங்காவில், தரையோடு கட்டப்பட்ட வெப்பக்காற்றுப் பலூன் சவாரியைத் தொடங்கியது.

கயிறு இருந்தால் ஆபத்தில்லை என்று பொதுமக்கள் எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வளவு எளிதன்று. கட்டற்ற பலூன் காற்றோடு சேர்ந்தே ஓடுவதால் அதில் இருப்பவர் காற்றை உணர்வதே இல்லை; மெழுகுவர்த்திச் சுடர்கூட நேராக நிற்கும். கட்டிய பலூனோ ஓட முடியாமல் நின்று காற்றின் முழு விசையையும் உறையில் வாங்குகிறது. காற்று வலுத்தால் உறை சாய்ந்து, எரிகலனின் தீநாக்கு அடித்துணியைத் தீண்டுகிறது. 2025 செப்டம்பர் 13 அன்று மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் மாவட்டத்தில் முதலமைச்சர் ஏறிய பலூன், மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் காற்றில் எழ முடியாமல் நின்றபோது அதன் அடிப்பகுதியில் தீப்பிடித்தது இவ்வாறே; ஊழியர்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு தீயை அணைத்ததால் எவருக்கும் காயமில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் இராஜஸ்தானின் பாரான் நகரில், மாவட்ட நிறுவன நாள் விழாவுக்காக ஏற்றிய பலூன் திடீரென எழும்பியபோது கயிற்றைப் பிடித்திருந்த ஊழியர் ஒருவர் மேலே தூக்கிச் செல்லப்பட்டு, கயிறு அறுந்து விழுந்து இறந்தார். பயணிக்குக் கூடையாவது இருக்கிறது. கயிற்றைப் பிடிப்பவர்களுக்கு எழுதப்பட்ட பயிற்சி முறையும் காப்பீடும் உறுதியாக வேண்டும். கயிறு கையை இழுக்கத் தொடங்கிய கணமே விட்டுவிட வேண்டும் என்பது அப்பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவின் சதுப்புநிலத்தில் 2012 ஆகஸ்ட் 23 காலையில், 32 பேருடன் சென்ற பெரிய பலூன் திடீர்ப் புயற்காற்றில் சிக்கி மரங்களில் மோதித் தீப்பற்றியதில் ஆறு பேர் இறந்தனர். காலைப்பொழுது என்பது மட்டும் காப்பாகாது, இடிமேகம் எந்தத் தொலைவில் இருக்கிறது என்பதும் ஏறுமுன் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த விபத்து காட்டியது. தில்லியில் அதைத் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது: வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார், மழைத்துளிகளும் பூச்சிகளும் தூசியும் எந்த வேகத்தில் நகர்கின்றன என்பதை மின்காந்த அலையின் எதிரொலியால் கணித்து, ஆந்தியின் முகப்பு நகரை அடையுமுன்பே காட்டிவிடுகிறது, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கைகளும் தொடர்ந்து வெளியாகின்றன. யமுனைக் கரையின் சவாரிக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை, மார்ச் நடுப்பகுதிக்குப் பின்னான மாலைகள் அல்ல. அந்த மாதங்களிலும் சீட்டில் அச்சிட்ட நேரத்தை இரத்து செய்யும் முழு அதிகாரம் திடலில் நின்று காற்றுமானியைப் பார்க்கும் பலூனோட்டிக்கு எழுத்து வடிவில் தரப்பட வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் விதியும் அதே சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும்.